நீலமலையும் பிரம்மஞான சபையும்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், பைக்காராவை அடையுமுன் பிரியும் கிளைச்சாலை கிளென்மார்கனில் சென்று முடிகிறது. தேயிலைத் தோட்டமும், மின்வாரியத்தின் சிறு நீர்த்தேக்கமும், தோடர் மந்துகளும் அடுத்தடுத்து அமைந்த மேட்டுநிலம் அது. எருமைகள் மேய்ந்த புல்வெளிகளின் நடுவே தேயிலை வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், தோடர் தெய்வமாகப் போற்றும் பைக்காரா ஆற்றின் நீர் கிளென்மார்கனிலிருந்து குழாய்கள் வழியே சிங்காராவுக்கு இறங்கி மின்சாரமாயிற்று. தோட்டக்காரரும் பொறியாளரும் இம்மலையில் விட்டுச் சென்ற சுவடுகள் கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாத சுவடொன்றும் உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றி உலகெங்கும் பரவிய ஒரு புதிய சமய இயக்கத்தினுடையது. பிரம்மஞான சபை என்பது அதன் தமிழ்ப்பெயர்.

இச்சபையைச் சென்னை அடையாற்றோடு சேர்த்து எண்ணுவதே வழக்கம். ஆயின் அதன் வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் சில நீலகிரியில் நிகழ்ந்தன. இனம், சமயம், பால், சாதி, நிறம் ஆகிய வேறுபாடுகள் பாராத மானிட சகோதரத்துவமே சபையின் முதல் நோக்கம். அந்நோக்கம் இம்மலையில் மூன்று முறை சோதிக்கப்பட்டது. 1883இல் பழங்குடி மக்களைப் பற்றி எழுத நேர்ந்தபோது ஒருமுறை; ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் ஒருவர் உதவி கேட்டபோது ஒருமுறை; 1917இல் அரசின் அடக்குமுறை வந்தபோது ஒருமுறை. மூன்று சோதனைகளிலும் சபை ஒரே வகையாக நடந்துகொள்ளவில்லை என்பதே ஆராயத்தக்க செய்தி.

சபையின் தோற்றம்

1875ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரில் பிரம்மஞான சபை நிறுவப்பட்டது. நிறுவியவருள் மூவர் முதன்மையானவர். உருசிய நாட்டில் உயர்குடியில் பிறந்து பல நாடுகளில் அலைந்து திரிந்த ஹெலனா பெட்ரோவ்னா பிளாவட்ஸ்கி அம்மையார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய வழக்கறிஞர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அயர்லாந்தில் பிறந்த வில்லியம் குவான் ஜட்ஜ். ஆவிகளோடு பேசும் கூட்டங்கள் அமெரிக்காவில் பெருகியிருந்த காலம் அது. டார்வினின் கொள்கை கிறித்தவப் படைப்புக் கதையை அசைத்துவிட்டது. பழைய சமயத்தில் நிறைவு காணாமலும், வெறும் பொருள்முதல் வாதத்தை ஏற்க மனமின்றியும் தவித்த படித்த நடுத்தர மக்களுக்குச் சபை ஒரு மூன்றாம் வழியைக் காட்டியது.

பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1879 பிப்ரவரியில் பம்பாய் வந்திறங்கினர். மறு ஆண்டு மே மாதம் இலங்கையின் காலி நகரில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராயினர். ஆளும் இனத்தைச் சேர்ந்த வெள்ளையர் இருவர், ஆளப்படும் மக்களின் சமயத்தை மண்டியிட்டு ஏற்ற அந்நிகழ்ச்சி அக்காலத்தில் பெரும் வியப்பை விளைத்தது. 1882இன் இறுதியில் அடையாற்றின் கரையிலிருந்த தோட்டமாளிகை சபையின் தலைமையிடமாயிற்று.

தமிழ்நாட்டில் சபைக்கு முதலில் கிடைத்த வரவேற்பில் வள்ளலாரின் பெயரும் கலந்திருந்தது. இராமலிங்க அடிகளின் முதன்மை மாணாக்கரும், மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கியவருமான தொழுவூர் வேலாயுத முதலியார், 1882இல் சபையாருக்கு ஒரு வாக்குமூலம் அளித்தார். பொதுச் சகோதரத்துவத்தை வலியுறுத்த அயல்நாட்டார் வருவர் என்று அடிகள் முன்னரே மொழிந்ததாகவும், அவர் குறித்தது இச்சபையையே என்று தாம் கருதுவதாகவும் அவர் அதில் கூறினார். அவ்வாக்குமூலம் சபையின் இதழில் வெளியாயிற்று. 1874இல் மறைந்த அடிகளை, 1875இல் பிறந்த சபையோடு இணைக்கும் இச்சான்று சபையின் செல்வாக்கைத் தமிழரிடையே உயர்த்தியது.

கொள்கைகள்

சபை தன்னை ஒரு சமயம் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. உண்மையினும் உயர்ந்த சமயம் இல்லை என்பதே அதன் முத்திரையில் பொறிக்கப்பட்ட கருத்து. எச்சமயத்தாரும் தத்தம் சமயத்தை விடாமலே உறுப்பினராகலாம். எனினும் பிளாவட்ஸ்கியின் நூல்கள் ஒரு முழுமையான உலக விளக்கத்தைக் கட்டியெழுப்பின. 1877இல் வெளிவந்த 'திரைநீங்கிய ஐசிஸ்', 1888இல் வெளிவந்த 'இரகசியக் கோட்பாடு' ஆகிய இரண்டும் அவற்றுள் தலையாயவை.

அவ்விளக்கத்தின்படி, எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே தொன்மையான ஞானம் ஓடுகிறது. அண்டமும் உயிரும் ஒரே பரம்பொருளின் வெளிப்பாடு. உயிர், வினைப்பயனுக்கு ஏற்ப மீண்டும் மீண்டும் பிறந்து படிப்படியாக உயர்கிறது. மனிதன் ஏழு தத்துவங்களின் கூட்டு. இவ்வளர்ச்சியில் மிக உயர்ந்த நிலையை எட்டிய மகாத்மாக்கள் இமயத்துக்கு அப்பால் வாழ்ந்து உலகை மறைவாக வழிநடத்துகின்றனர். மோரியா, கூட்ஹூமி என்னும் இருவரே சபையை இயக்குபவர் என்றும், அவர்களிடமிருந்து கடிதங்கள் வியத்தகு முறையில் வந்து சேர்கின்றன என்றும் சபையார் நம்பினர். வினையும் மறுபிறப்பும் நமக்குப் புதியன அல்ல. அவற்றை டார்வின் காலத்துப் பரிணாமச் சிந்தனையோடு பிணைத்து, உயிரின் முடிவில்லா முன்னேற்றமாகக் காட்டியதே புதுமை. நம் மரபில் பிறவி என்பது நீங்கத்தக்க நோய். பிளாவட்ஸ்கியிடம் அது ஏறிச்செல்லும் படிக்கட்டு.

இக்கொள்கையின் வலுக்குறைந்த பகுதி அதன் இனக்கோட்பாடு. மானிட இனம் ஏழு மூல இனங்களாகத் தோன்றி வளர்கிறது என்றும், மூன்றாவது இனம் இலெமூரியாவிலும் நான்காவது அட்லாண்டிசிலும் வாழ்ந்தது என்றும், ஐந்தாவது ஆரிய இனமே இன்றைய உலகை நடத்துகிறது என்றும் 'இரகசியக் கோட்பாடு' கூறியது. பழங்குடி மக்கள் பலர் அழிந்துபோன இனங்களின் எச்சங்களாக அதில் எண்ணப்பட்டனர். சகோதரத்துவத்தை முதல் நோக்கமாகக் கொண்ட சபையின் கோட்பாட்டிலேயே மக்களை ஏணிப்படிகளில் நிறுத்தும் பார்வை இடம்பெற்றுவிட்டது.

இலெமூரியா என்னும் சொல் தமிழ் வாசகரின் செவிக்குப் பழகியது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவதை விளக்க, 1864இல் விலங்கியலார் பிலிப் ஸ்கிளேட்டர் படைத்த சொல் அது. பிளாவட்ஸ்கி அதை எடுத்து மூன்றாம் இனத்தின் தாயகமாக்கினார். தமிழறிஞர்களோ பெரும்பாலும் நிலவியல் நூல்களின் வழியே அச்சொல்லை அறிந்து, இறையனார் களவியல் உரையிலும் அடியார்க்கு நல்லார் உரையிலும் வரும் கடல்கோள் செய்தியோடு பொருத்தினர். கண்டங்களின் நகர்வு நிறுவப்பட்டபின் அறிவியல் இலெமூரியாவைக் கைவிட்டது. ஒரே சொல் அறிவியலில் மறைந்து, மறைஞானத்திலும் மொழியுணர்விலும் நிலைத்துவிட்டது.

உதகையில் அம்மையார்

1883 ஜூலையில் பிளாவட்ஸ்கி அம்மையார் உதகமண்டலம் வந்தார். மேஜர் ஜெனரல் மோர்கன் இணையரின் 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். மோர்கன் தென்னிந்தியக் காடுகளைப் பற்றி நூல் எழுதியவர். மலையையும் மலைமக்களையும் நன்கு அறிந்த குடும்பம் அவருடையது. கோடைத் தலைநகரில் கூடியிருந்த ஆங்கில அதிகாரிகளின் வட்டத்தில், உருசிய அம்மையார் ஒருவர் அற்புதங்கள் நிகழ்த்துகிறார் என்ற செய்தி பேச்சாயிற்று. செப்டம்பரில் ஆல்காட்டும் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டாவின் பெயர் தாங்கிய கிளைச்சபை ஒன்று உதகையில் உருவாயிற்று. அதன் தலைமையை மோர்கன் ஏற்றார்.

அதே ஆகஸ்டில் மோர்கன் அடையாற்றுக்குச் சென்றிருந்தபோது நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, பின்னர்ச் சபையின் வரலாற்றையே உலுக்கியது. அங்கே 'ஆலயம்' எனப்பட்ட அலமாரியைத் திறக்கையில் பீங்கான் தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. துண்டுகளை உள்ளே வைத்து மூடிச் சிறிது நேரங்கழித்துத் திறந்தபோது, முழுத்தட்டும் மகாத்மாவின் குறிப்பும் இருந்தன. மோர்கன் வியந்தார், மறுபேச்சின்றி நம்பினார்.

1884 செப்டம்பரில், அடையாற்றில் வீட்டுப் பொறுப்பாளராயிருந்து நீக்கப்பட்ட எம்மா கூலம் என்பவர் அளித்த கடிதங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. அற்புதங்களுக்கு முன்னேற்பாடு செய்யும்படி பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியவை அவை என்று கூலம் கூறினார். உதகையிலிருந்து தட்டைப் பற்றி எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட கடிதமும் அவற்றுள் ஒன்று. அக்கடிதங்கள் போலி என்று அம்மையார் மறுத்தார். மோர்கனும் மறுப்பு நூல் ஒன்றை உதகையிலிருந்தே வெளியிட்டார். கூலம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 1885இல் அம்மையார் இந்தியாவை விட்டு நீங்கியபின் அவ்வழக்கைத் திரும்பப் பெற்றார். இலண்டன் உளவியல் ஆய்வுச் சங்கத்தின் சார்பில் விசாரித்த ரிச்சர்டு ஹாட்சன், 1885இல் வெளியான தம் அறிக்கையில் அம்மையாரை மோசடிக்காரர் என்றே முடிவு கட்டினார். நூறாண்டு கழித்து, 1986இல், அதே சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் எழுதிய ஆய்வு, ஹாட்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று கண்டித்தது. வழக்கு இன்னும் முடியவில்லை எனலாம். அம்மையார் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. 1891இல் இலண்டனில் மறைந்தார்.

நூலில் வந்த மலைமக்கள்

அற்புதங்களைப் பற்றிய சண்டையின் ஆரவாரத்தில் கவனிக்கப்படாமல் போன நூலொன்று உண்டு. உதகையில் தங்கிய நாள்களின் விளைவாகப் பிளாவட்ஸ்கி நீலமலையின் பழங்குடிகளைப் பற்றி உருசிய மொழியில் எழுதினார். 'ராத்தா பாய்' என்னும் புனைபெயரில், மாஸ்கோவின் 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் 1884-85இல் அது தொடராக வந்தது. பின்னர்ப் பிரெஞ்சிலும், 1930இல் 'நீலமலையின் மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. ஐரோப்பிய வாசகர் பலர் தோடரையும் குறும்பரையும் முதன்முதலாக அறிந்தது அதன் வழியேதான்.

அந்நூலில் தோடர் மேன்மக்கள். நெடிய உருவமும் கம்பீரமும் உடைய அவர்கள், உலகம் மறந்த தூய மறைஞானம் ஒன்றின் காவலர். குறும்பரோ குறுகிய உடலும் கொடிய பார்வையும் கொண்ட சூனியக்காரர்; பார்வையாலேயே கொல்ல வல்லவர். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர் மலைமேல் மக்களாக உருவெடுத்து நிற்கிறது. மோர்கன் குடும்பத்தார் சொன்னவை, ஏவலர் சொன்னவை, மலையில் வழங்கிய அச்சக்கதைகள் ஆகிய அனைத்தும் அம்மையாரின் கற்பனையில் கரைந்து ஒரு மறைஞானக் கதையாயின. கதை என்ற அளவில் அது சுவையானது. ஆனால் அதில் வரும் மக்கள் கதைமாந்தர் அல்லர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நீலகிரியில் குறும்பர், சூனியம் வைத்தனர் என்ற குற்றச்சாட்டால் பலமுறை கூட்டாகக் கொல்லப்பட்டனர். ஊரில் கால்நடை செத்தாலும், குழந்தை நோயுற்றாலும் பழி அவர்கள்மேல் விழுந்தது. ஆங்கில அரசின் பதிவுகளில் இக்கொலைகள் உள்ளன. தேனெடுத்தும் மருந்துவேர் கொண்டுவந்தும், படகர் ஊர்களில் முதல் ஏருக்கும் முதல் அறுவடைக்கும் சடங்கு நிகழ்த்தியும் வாழ்ந்த ஒரு சிறு மக்களினம், தன் அறிவுக்காகவே அஞ்சவும் பட்டது, வெட்டவும் பட்டது. அவ்வச்சத்தைச் சகோதரத்துவ இயக்கத்தின் தலைவி ஆராயாமல் ஏற்று, அதற்கு மறைஞானத்தின் சான்றும் தந்து, உலக மொழிகளில் பரவவிட்டார். கொலைகளுக்கு அந்நூல் காரணமன்று. ஆனால் கொல்லப்பட்டோர் பக்கம் நிற்கவேண்டிய கொள்கை, கொன்றவர் சொன்ன கதையை எழுதியது.

தோடரைப் புகழ்ந்ததும் அவர்களை அறிந்ததாகாது. அவர்களின் சமயம் மறைவானதன்று. அது பால்மாடக் கோவிலிலும், எருமையின் பாலிலும், மந்தின் பெயரிலும், மலைமுகட்டிலும் கண்கூடாக நிகழ்வது. 1901-02இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட 'தோடர்' என்னும் பெருநூலில் அச்சடங்குகளை நுணுக்கமாகப் பதிவு செய்தார். 1935இல் வந்த மொழியியலார் எம். பி. எமெனோ ஒருபடி மேலே சென்று, அவர்களின் பாடல்களைக் கேட்டு எழுதினார். 'தோடர் பாடல்கள்' என்னும் அவரது தொகுப்பு 1971இல் வந்தது.

கவிஞர்கள் அறியத்தக்க செய்தி அத்தொகுப்பில் உள்ளது. தோடர் பாடலில் எந்தக் கூற்றும் தனித்து வருவதில்லை. ஒன்றைச் சொன்னால் அதற்கு இணையான மற்றொன்றும் உடன் வரவேண்டும். மந்துக்கும், எருமைக்கும், குலத்துக்கும் மரபு வகுத்த இணைச்சொற்கள் உண்டு. பிறப்பு, திருமணம், சாவு எதுவாயினும் அந்நேரத்திலேயே பாடல் கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். திராவிட மொழிக் குடும்பத்தில், எழுத்தின்றியே இத்தகைய செறிந்த யாப்பு மரபை வளர்த்த மக்கள், பிளாவட்ஸ்கி தங்கிய வீட்டுக்கு எட்டும் தொலைவிலேயே பாடிக்கொண்டிருந்தனர். மறைந்த ஞானத்தைத் தேடிய அம்மையார் அப்பாடல்களைக் கேட்கவில்லை. முதல் சோதனையில் சபை தவறியது இங்கேதான்.

அயோத்திதாசரும் ஆல்காட்டும்

இரண்டாம் சோதனைக்குரியவர் நீலகிரியில் வளர்ந்த தமிழ்ப் புலவர். 1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவர்; இலக்கண இலக்கியங்களில் தேர்ந்தவர். ஆங்கிலேயர் வீட்டில் சமையற்பணி புரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதரே எழுதியுள்ளார். 1870களில் அவர் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். தோடர் முதலிய மலைமக்களிடையேயும் பணிசெய்தார். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். அவை காங்கிரசுக்கு அனுப்பப்பட்டன.

1892இல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு அவர் நீலகிரியின் சார்பில் சென்றார். சிவன் கோவிலிலும் திருமால் கோவிலிலும் தம் மக்களுக்கு ஏன் இடமில்லை என்று வினவினார். மதுரை வீரனையும் காட்டேரியையும் கும்பிடும் மக்களுக்கு அத்தெய்வங்கள் எதற்கு என்ற பொருளில் விடை வந்தது. அத்வைதம் பேசிய பண்டிதர் அதன்பின் வேறு வழி தேடினார். தம் மக்கள் தொடக்கத்தில் பௌத்தராயிருந்து, அதனாலேயே தாழ்த்தப்பட்டனர் என்ற முடிவுக்குத் தமிழ் நூல்களின் துணைகொண்டே வந்தார்.

இங்கேதான் ஆல்காட் வருகிறார். அவர் 1894இல் அடையாற்றில் பஞ்சமருக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பின்னர்த் தோன்றிய பள்ளிகளுள் மயிலாப்பூரில் அமைந்தது திருவள்ளுவரின் பெயர் பெற்றது. 1898இல் அயோத்திதாசரும் அவர் தோழர் கிருஷ்ணசாமியும், பௌத்தத்துக்குத் திரும்ப உதவுமாறு ஆல்காட்டை அணுகினர். ஆல்காட் அவர்களை இலங்கைக்கு அழைத்துச் சென்றார். சுமங்கல தேரரிடம் தீட்சை பெற்றுத் திரும்பிய பண்டிதர், அவ்வாண்டே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவுவதற்கு 58 ஆண்டுகள் முன் நிகழ்ந்தது இது.

பிளாவட்ஸ்கியின் நூலுக்கும் இந்நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. நூலில் மலைமக்கள் பேசப்படும் பொருளாக மட்டுமே இருந்தனர். இங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் தாமே பேசினர். தமக்கு இன்னது வேண்டும் என்று கேட்டனர். ஆல்காட் செய்ததெல்லாம் செவிகொடுத்து, கப்பலேற உடன் சென்றதே. விளைந்ததோ பெரிது. 1907இல் ஆல்காட் அடையாற்றில் மறைந்தார். அதே ஆண்டு ஜூனில் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 'தமிழன்' எனப் பின்னர்ப் பெயர் சுருங்கிய அவ்விதழில், மணிமேகலையையும் குறளையும் வீரசோழியத்தையும் பௌத்த நோக்கில் விளக்கினார். 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். 1914இல் அவர் மறைந்தபின் நெடுங்காலம் மறக்கப்பட்ட அவ்வெழுத்துகளை, 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட பிறகே தமிழுலகம் மீண்டும் அறிந்தது.

ஆல்காட்டுக்குப் பின் சபையின் தலைமை ஏற்ற அன்னி பெசண்ட் அம்மையாரிடம் அச்செவி அவ்வளவு திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும் என்று 1909இல் எழுதிய அவர், அக்குழந்தைகளை உயர்சாதிக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தலாகாது என்றும், முதலில் தூய்மையும் நல்லொழுக்கமும் கற்பிக்கவேண்டும் என்றும் வாதிட்டார். 1945இல் அம்பேத்கர் தம் நூலில் இக்கட்டுரையை எடுத்துக்காட்டினார். முதல் நோக்கத்தில் எழுதிய 'சாதி வேறுபாடின்றி' என்னும் சொற்கள், பள்ளி வாயிலை எட்டியபோது தயங்கி நின்றன.

குலிஸ்தானில் பறந்த கொடி

மூன்றாம் சோதனை அரசியலைச் சார்ந்தது. ஆல்காட் தம் ஓய்வுக்காக உதகையில் ஒரு சிறு வீட்டைக் கட்டி, பாரசீகக் கவிஞர் சாஅதியின் நூற்பெயரை நினைவூட்டும் 'குலிஸ்தான்' என்னும் பெயரை இட்டிருந்தார். தன்னாட்சி இயக்கத்தை நடத்திய அன்னி பெசண்ட், ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா ஆகிய மூவரையும் சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அரசு 1917 ஜூனில் காவலில் வைத்தபோது, அவர்கள் தங்கியது அவ்வீட்டில்தான். அங்கே பெசண்ட் அம்மையார் செம்மையும் பசுமையுமான தன்னாட்சிக் கொடியை ஏற்றினார்.

நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. சபையின் மூத்த உறுப்பினரும் முன்னாள் நீதிபதியுமான சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு முறையீடு எழுதினார். அதற்காகக் கண்டிக்கப்பட்டபோது தம் பட்டங்களைத் துறந்தார். செப்டம்பரில் மூவரும் விடுதலையாயினர். அவ்வாண்டு இறுதியில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்கு அம்மையார் தலைமை தாங்கினார். வாடியா 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர்களுள் முதல்வரானார்.

அம்மையாரின் துணிவைப் போற்றுவதற்கும் அவர் சபையின் மறைஞானத்தை ஐயுறுவதற்கும் முரண் இல்லை என்பதற்குப் பாரதியார் சான்று. புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1914இல், 'பொன்வால் நரி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஓர் அங்கதக் கதை எழுதிப் பெசண்டையும் அவர் கூட்டத்தாரையும் எள்ளினார். தன் நாட்டு ஞானத்தை அயலார் வாயிலாகக் கேட்டு மயங்கும் தம்மவரின் அடிமை மனமே பாரதியின் சினத்துக்கு உண்மையான இலக்கு.

உலகில் பரவிய செல்வாக்கு

சபையின் உறுப்பினர் தொகை என்றும் பெரிதாக இருந்ததில்லை. 1928இல், உச்ச நிலையில், ஏறத்தாழ 45,000. ஆனால் செல்வாக்கு தொகையைச் சார்ந்ததாக இல்லை. காங்கிரசு தோன்றக் காரணராயிருந்த ஏ. ஓ. ஹியூம் சபையில் இருந்தவர். இலண்டனில் சட்டம் பயின்ற காந்தியடிகளை 1889இல் கீதை படிக்கத் தூண்டியவர்கள் பிரம்மஞானிகள் இருவர். கவிஞர் யேட்ஸ் சபையில் பயின்றார். ஓவியர் மோந்திரியான் 1909இல் உறுப்பினரானார்; காந்தின்ஸ்கி கலையின் ஆன்மிகத்தைப் பற்றி எழுதியபோது சபையின் கருத்துகளை எடுத்தாண்டார். செர்மானியக் கிளையை நடத்திய ருடால்ஃப் ஸ்டெய்னர் பிரிந்து சென்று தனி இயக்கமும் கல்விமுறையும் கண்டார். வினை, மறுபிறப்பு என்னும் சொற்கள் மேலைநாட்டு அன்றாடப் பேச்சில் நுழைந்தமைக்குச் சபையே முதற்காரணம் எனலாம்.

தமிழ்நாட்டில் அடையாறு நூலகம், 1936இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரம், 1943இல் அவர் முயற்சியால் அமைந்த டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் ஆகியவை சபையின் வட்டத்தில் விளைந்தவை. அச்சுக்கு வராத தமிழ்ச் சுவடிகள் பல காக்கப்பட்டது இவ்வட்டத்தின் கொடை.

சபை தானே வளர்த்த குருவையும் இழந்தது. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் கண்டெடுத்து உலக ஆசானாக அறிவித்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929 ஆகஸ்டில் ஆலந்தின் ஓமன் நகரில், தம்மைத் தலைவராகக் கொண்ட விண்மீன் சங்கத்தைக் கலைத்துவிட்டார். உண்மையை எந்த அமைப்பாலும் அடையமுடியாது என்பது அவர் முடிவு. சபையின் முத்திரைக் கருத்தை இறுதிவரை கொண்டுசென்றவர் அவரே என்று சொல்வதிலும் உண்மை உண்டு.

இச்செல்வாக்கின் ஒரு கிளை சுற்றிவந்து நீலகிரியையே தொட்டது. இலங்கையில் ஆல்காட் பௌத்த வினாவிடை எழுதினார். பௌத்தப் பள்ளிகளுக்கு வித்திட்டார். 1885இல் உருவான பௌத்தக் கொடியைச் சீர்செய்தார். அக்கொடி 1950இல் உலகப் பௌத்தரின் பொதுக்கொடியாயிற்று. அவருக்குப் பௌத்தம் உலகப் பொதுமை. அவரிடம் பயின்று பின்னர் விலகிய அநகாரிக தர்மபாலரின் பேச்சிலோ அது சிங்கள இனத்தின் உரிமைக்குரலாக மாறியது. அவ்வுணர்வு அரசியலில் வலுத்த காலத்தில், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. இதற்குப் பொருளியலும் கட்சி அரசியலும் காரணங்கள். சபையின்மேல் அப்பழியைச் சுமத்துவது முறையாகாது. எனினும் 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரித் தேயிலைச் சரிவுகளில் குடியேறிய தாயகம் திரும்பியோரின் வரலாற்றில், எங்கோ ஒரு தொலைவில், ஆல்காட் மூட்டிய விளக்கின் நிழலும் விழுந்திருக்கிறது. விளக்கை ஏற்றியவர் அந்நிழலை எண்ணியிருக்கமாட்டார்.

நிறைவாக

பிரம்மஞான சபையை மோசடி என்று ஒதுக்குவதும், மகாத்மாக்களின் திருப்பணி என்று வணங்குவதும் எளிது. நீலகிரியில் அதன் வரலாறு இவ்விரண்டுக்கும் இடங்கொடுப்பதில்லை. மக்களுக்குப் பதிலாகக் கற்பனையை வைத்தபோது, அது குறும்பர்க்குத் தீங்கிழைத்தது. தோடரைப் புகழ்ந்தும் அறியாது போயிற்று. மக்கள் தம் குரலில் கேட்டபோது செவிகொடுத்தது. அப்போது அயோத்திதாசர் பௌத்தரானார். ஆட்சியின் முன் அஞ்சாது நின்றபோது உதகையின் ஒரு சிறு வீடு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. சகோதரத்துவம் என்னும் சொல்லுக்குச் சபையின் நூல்கள் தந்த பொருளைவிட, இம்மூன்று நிகழ்ச்சிகள் தந்த பொருள் தெளிவானது.

மலையைப் பாடும் கவிஞர்க்கும் இவ்வரலாறு உரியதே. நீலமலையின் பனியும் சோலையும் மறைஞானமும் இன்றும் கவிதைக்குள் எளிதில் வந்துவிடுகின்றன. கிளென்மார்கன் சுற்றுவட்டத்தின் மந்துகளிலும், குறும்பர் ஊர்களிலும், தோட்டக் குடியிருப்புகளிலும் வழங்கும் பாடல்களும் சொற்களும் அவ்வளவு எளிதில் வருவதில்லை. அவற்றைக் கேட்டு எழுதும் பணி எமெனோவின் தொகுப்போடு முடிந்துவிடவில்லை. இம்மலையின் தமிழ் இலக்கிய வட்டங்கள் கையிலெடுக்கத்தக்க பணி அது.